எண்ணெய் விலை இறங்கும்போது ஏற்றுமதிப் பன்முகத்தன்மை கூடியதுபோல் தெரிவதை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:
நிலைத்த வளர்ச்சி, பொருளாதாரப் பன்முகத்தன்மை பற்றிய சர்வதேசப் பயிலரங்குக்குக் கட்டுரை தயாராகிறது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகள், 2010 முதல் 2019 வரை, ஐ.நா.வின் வணிகத் தரவுத்தளமான யுஎன் காம்ட்ரேடின் எச்எஸ் (சர்வதேசச் சரக்கு வகைப்பாடு) ஆறிலக்கத் தரவு. ஹெர்ஃபிண்டால் குறியீடு (பொருள்களின் பங்குகளுடைய வர்க்கங்களின் கூட்டுத்தொகை; குறைந்தால் பன்முகத்தன்மை அதிகம்) 2014-க்குப் பிறகு பல நாடுகளில் சரிகிறது. இது உண்மையான மாற்றமா, விலை செய்த வேலையா என்று எப்படிப் பிரிப்பது? ‘நிலைத்த’ என்பதற்கு எந்த அளவீடு பொருந்தும்?

பதில் 1:
பெரும்பாலும் விலைதான். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல். 2016 தொடக்கத்தில் 30-க்கும் கீழே. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணெய் 80, மற்ற நான்கு பொருள்கள் தலா 5 என்றால் குறியீடு 0.65. எண்ணெய் விலை மட்டும் பாதியானால் மொத்தம் 60, எண்ணெயின் பங்கு மூன்றில் இரண்டு, குறியீடு 0.47. புதிதாக ஒரு பொருள்கூடக் கப்பல் ஏறவில்லை!

அதனால் எச்எஸ் அத்தியாயம் 27-ஐ (எண்ணெய், எரிவாயு உள்ளிட்ட கனிம எரிபொருள்கள்) ஓர் அடிப்படை ஆண்டின் விலைக்கு மாற்றி மறுபடி கணக்கிடுங்கள். எண்ணெய் சாராத ஏற்றுமதிக்குத் தனிக் குறியீடும், மக்கள்தொகையில் ஒரு நபருக்கான அதன் உண்மை மதிப்பும் (பணவீக்கம் நீக்கியது) கட்டாயம் வேண்டும். அத்தியாயம் 29 (கரிம ரசாயனங்கள்), 39-ஐயும் (பிளாஸ்டிக்) பிரித்துக் காட்டுங்கள். பெட்ரோ ரசாயனமும் பிளாஸ்டிக்கும் எண்ணெயோடு சேர்ந்தே ஏறி இறங்குபவை. அவற்றை ‘எண்ணெய் சாராதது’ என்று எண்ணுவதில்தான் பல கட்டுரைகள் சறுக்குகின்றன.

பதில் 2:
எச்எஸ் 2012-லும் 2017-லும் திருத்தப்பட்டது. ஒரு பொருளின் எச்எஸ் எண் மூன்றாகப் பிரிந்தால், ஏற்றுமதி மாறாமலே பன்முகத்தன்மை கூடியதுபோல் காட்டும். எல்லா ஆண்டுகளையும் எச்எஸ் 2007-க்கு மாற்றி, பிரிந்ததையும் இணைந்ததையும் ஒரே குடும்பமாகத் தொகுத்துவிடுங்கள். 999999 என்ற ‘வகைப்படுத்தப்படாதவை’ பதிவை ஒரே பொருளாக எண்ணக் கூடாது. மறுஏற்றுமதியைக் கழியுங்கள், துறைமுக வணிகம் பெரிதாக உள்ள நாட்டில் இது முடிவையே புரட்டிப்போடும். தரவு தராத ஆண்டுக்கு வாங்கும் நாடுகளின் இறக்குமதிப் பதிவைப் பயன்படுத்தினால், அது சிஐஎஃப் மதிப்பு (கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தது), எஃப்ஓபி (அவை சேராதது) அல்ல என்பது நினைவிருக்கட்டும். ஒரே தொடரில் இரண்டையும் கலந்தால் இல்லாத ஏற்றத்தாழ்வு முளைக்கும்.

தைல் குறியீட்டையும் (செறிவை அளக்கும் இன்னொரு அளவுகோல்) போடுங்கள். புதுப் பொருள்கள் சேர்ந்ததையும் பழைய பொருள்களின் பங்கு சமமானதையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும்.

பதில் 3:
நிலைத்தன்மைக்கு உலக வங்கியின் சரிசெய்யப்பட்ட நிகரச் சேமிப்பை எடுக்கலாம். மொத்தச் சேமிப்பில் மூலதனத் தேய்மானம், எரிசக்தி, கனிமம், காடு ஆகியவற்றின் குறைவு, மாசுச் சேதம் கழித்து, கல்விச் செலவைக் கூட்டுவது. ஆனால் எரிசக்திக் குறைவும் விலையால் மதிப்பிடப்படுவதே. விலை விழுந்தால் கழிக்கப்படும் தொகையும் சுருங்கும். அதே பொறி இங்கேயும் உண்டு. ஐந்தாண்டுச் சராசரி எடுப்பது நல்லது.

இன்னொன்று: இம்ப்ஸ், வாக்ஸியார்க் 2003-ல் காட்டிய ‘யு’ வளைவு (வருமானம் உயர உயரச் செறிவு முதலில் குறைந்து, பிறகு கூடுவது), துறைவாரி வேலைவாய்ப்பையும் கூட்டு மதிப்பையும் பற்றியது. ஏற்றுமதிக்கு அதை மேற்கோள் காட்டாதீர்கள். அதற்கு கடோ, கரேர், ஸ்ட்ராஸ்-கான் 2011 ஆய்வு இருக்கிறது.

கேட்டவர்:
நன்றி. அத்தியாயம் 27-ல் எரிவாயுவுக்கு அளவு பல ஆண்டுகளில் காலியாக உள்ளதே?

பதில் 1:
அளவு இல்லாத இடத்தில், மதிப்பை உலக வங்கியின் பிங்க் ஷீட் (மாதாந்திரப் பண்ட விலைப் பட்டியல்) விலையால் வகுத்துவிடுங்கள். எரிவாயுவின் நீண்டகால ஒப்பந்தங்கள் பல, எண்ணெய் விலையைச் சில மாதம் தள்ளியே பின்தொடரும். ஆகவே அதே மாத விலையோடு தள்ளிய விலையையும் வைத்துக் கணக்கிட்டு, இரண்டு முடிவையும் பின்னிணைப்பில் தாருங்கள்.