15 தவ் சரியாக இருந்தும் தட்டிய டேப்பெட்

எங்கள் வீட்டு பழைய அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். டேப்பெட் சத்தத்துக்காக, அதாவது வால்வுப் பக்கம் இடைவெளி கூடி டிக் டிக் என்று தட்டுவதற்காக, இரண்டு மெக்கானிக்குகள் செட் செய்து கொடுத்தார்கள். மறுநாளே மறுபடி டிக் டிக். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஃபீலர் கேஜோடு (இடைவெளி அளக்கும் மெல்லிய பிளேடுகள்) உட்கார்ந்தேன். இந்த எஞ்சினில் வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் நெம்புகோலான ராக்கருக்கும் நடுவே இடைவெளி 0.015 அங்குலம், பட்டறைப் பேச்சில் 15 தவ் (ஒரு தவ், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒன்பது கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும், இரண்டு வால்வு எண்களையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைப் பார்க்க வேண்டும், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. எட்டு வால்வுகளிலும் 15 சரியாக இருந்தது. சத்தம் மட்டும் போகவில்லை.

சரி என்று, வண்டியை ஐட்லிங்கில் ஓடவிட்டு ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே பிளேடை நுழைத்தேன். ஐந்தாவதில் சத்தம் அடங்கியது, தட்டுவது அதுதான். (ஆயில் தெறித்து ஒரு நல்ல சட்டை போனது தனிக்கதை.)

கழற்றிப் பார்த்தால், ராக்கர் முனையில் வால்வுத் தண்டின் அகலத்துக்கு ஒரு குழி. பிளேடு அந்தக் குழியின் இரு கரையிலும் பாலமாகப் படுத்துக்கொள்கிறது, ஆழம் அதற்குத் தெரிவதே இல்லை. கேஜ் 15 என்றபோது உண்மையில் இருந்தது அதைவிட அதிகம். ராக்கர்களைத் தாங்கும் தண்டான ராக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கத் தேய்மானமும் நகத்தில் தட்டுப்பட்டது, ஆயில் துளைகளில் கசடு. வண்டியைக் குறை சொல்ல முடியாது, ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தவன் நான்தான்.

ஷாஃப்டும், ராக்கர் துளைக்குள் இருக்கும் புஷ்களும் புதிது போட்டோம். ராக்கர் முனையை லேத் பட்டறையில் லேசாகத் தேய்த்தார்கள். ரொம்பத் தேய்த்தால் மேலே உள்ள கெட்டியான தோல் போய்விடும். குழி ஆழமென்றால் ராக்கரையே மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம், ராக்கரைப் பிடிக்கும் நான்கு நட்டுகள்தான் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டையும் பிடிக்கின்றன. அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் கோணி, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். முதலில் ரேடியேட்டரைக் காலிசெய்து, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

பதில்:
எனக்கு நேர்மாறாக நடந்தது சார். கேஸுக்கு மாற்றிய வண்டி, சத்தமே இல்லை, நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. பார்த்தால் எக்ஸாஸ்ட் சீட் (புகை வெளியேறும் வால்வு உட்காரும் வளையம்) தேய்ந்து, வால்வு மேலே ஏறி, இடைவெளி பூஜ்யம். சரியாக மூடாததால் ஒரு வால்வின் விளிம்பே கருகியிருந்தது. ஹெட்டை இறக்கி, கெட்டியான சீட் அடித்துப் போட்டோம். இப்போது லேசாகத் தட்டினால் நிம்மதியாக ஓட்டுகிறேன், சத்தம் குறைந்தால்தான் கேஜைத் தேடுகிறேன்.