65-இல் நோயாளி, 60-இல் குணமானவரா?

கதிரவன்: நாள்பட்ட சோர்வு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியே நிரூபணமான சிகிச்சை என்று செழியன் நேற்று எழுதியதைப் படித்துக் கொதித்துப்போனேன். அவர் சான்றாகக் காட்டுவது 641 பேர் பங்கேற்று, 2011-இல் ‘தி லான்செட்’ இதழில் வெளியான பிரிட்டனின் பேஸ் ஆய்வு; இந்தப் பயிற்சியையும் சோதித்தது அது. அதில் சேர, உடலியக்க மதிப்பெண் (0 முதல் 100 வரை; கூடினால் நலம்) 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். குணமானவருக்கு முதலில் குறித்த எல்லை 85. அதே ஆய்வாளர்களின் 2013 கட்டுரையில் அது 60 ஆனது. 65-உடன் நுழைந்தவர் 60-க்குச் சரிந்தாலும் அந்த அளவுகோலில் தேறிவிடுவார்.

செழியன்: பாதியை மறைக்கிறீர்கள். சோர்வு மதிப்பெண்ணும், நோயாளியே சொல்லும் முன்னேற்றமும், நோய் வரையறைக்குள் இனி வராமையும் சேர்ந்தால்தான் குணம் என்றார்கள். 60 என்பதும் மக்கள்தொகைச் சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்தை, அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவை, கழித்துப் பெற்ற எண்.

கதிரவன்: அந்த மக்கள்தொகையில் முதியோரும் நோயாளிகளும் இருந்தார்கள், மதிப்பெண்களும் ஒரு பக்கமாகவே குவிந்திருந்தன. அங்கே திட்ட விலக்கத்தைக் கழிப்பது பொருந்தாது என்பது புள்ளியியலின் அரிச்சுவடி. சேர 65, குணமாக 60: இதற்கு விடை சொல்லுங்கள்.

நிலமங்கை: ஒன்பது ஆண்டுகளாக இந்நோயோடு வாழ்பவள் கேட்கிறேன்: அந்த 641 பேரில் எத்தனை பேருக்கு இந்நோய் இருந்தது? அவர்களைத் தேர்ந்தெடுத்த 1991-ஆம் ஆண்டின் ஆக்ஸ்ஃபோர்டு வரையறைக்கு, வேறு காரணம் புலப்படாத ஆறு மாதச் சோர்வே ஏறக்குறையப் போதும். சிறு உழைப்புக்குப் பிறகு நாள்கணக்கில் படுக்கையில் தள்ளும் சரிவை அது கட்டாயமாக்கவில்லை. 2015-இல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ தன் வரையறையில் அதைக் கட்டாயமாக்கியது.

கதிரவன்: வரையறையைப் பிறகு பார்க்கலாம், அம்மா. செழியன் 65-க்கு விடை சொல்லட்டும்.

செழியன்: விடை கேட்கும் தகுதி உங்களுக்கு உண்டா? சென்ற மாதம் லேட்டக்ஸ் (ரப்பர் பால்) ஒவ்வாமை விவாதத்தில், இரத்தத்தில் ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருளான ஐஜிஇ இல்லையென்றால் ஒவ்வாமையே இல்லை என்று அடித்துச் சொன்னீர்கள். அந்தச் சோதனை சிலரைத் தவறவிடும் என்றும், கையுறை தயாரிப்பில் சேரும் இரசாயனங்களால் வரும் தோலழற்சிக்கு, பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை வேண்டும் என்றும் எழுதினேன். இன்றுவரை நீங்கள் அதை ஏற்கவில்லை.

கதிரவன்: நான் பேசியது லேட்டக்ஸ் புரதத்தைப் பற்றி, இரசாயனத்தை இழுத்தவர் நீங்கள். என் சொல்லில் மாற்றமில்லை. 2021-இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, படிப்படியாகக் கூட்டும் அந்த உடற்பயிற்சியைப் பரிந்துரையிலிருந்து நீக்கியதையும் இப்படித்தான் மழுப்புவீர்களா?

செழியன்: அந்த வழிகாட்டுதல் வெளிவருமுன் குழுவிலிருந்து மூவர் விலகியதை ஏன் விழுங்குகிறீர்கள்?

நிலமங்கை: என் கேள்வியை இருவருமே தொடவில்லை.

கதிரவன்: யார் விலகினால் என்ன, செழியன்? 65-உடன் உள்ளே வந்தவர் 60-உடன் வெளியே போனால், அவர் தேறினாரா, தேய்ந்தாரா? நான்காவது முறையாகக் கேட்கிறேன்.