வள்ளலாரை நம்பலாம், குப்பத்துப் பேயை நம்பக் கூடாதா?

மஞ்சக்குப்பம் அரங்கன்:
பேய், முனி, செய்வினை, சித்தர்களின் சித்தி எல்லாமே ஒன்றுதான், நம்பினால் எல்லாவற்றையும் நம்பு, விட்டால் எல்லாவற்றையும் விடு என்று பாகூர் தம்பி போன வாரம் இங்கே எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நான் பூசத்துக்கு வடலூர் போய் வருகிறவன். வள்ளலார் 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஒளி உடம்பானார் என்றே நம்புகிறேன். கருங்குழியில் அவருக்காகத் தண்ணீரில் விளக்கு எரிந்ததையும் நம்புகிறேன். ஆனால் புளியமரத்துப் பேய், முச்சந்தியில் மிதித்த எலுமிச்சம்பழம், பங்காளி வைத்த செய்வினை, இதையெல்லாம் நம்புவதில்லை. வள்ளலாரை நம்பியவர்கள் வடலூர் தருமசாலையில் 1867ல் மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடாமல் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். பேயை நம்புகிறவனுக்குக் கிடைப்பது பயம் மட்டும்தான். மனிதனை மேலே தூக்குகிற நம்பிக்கை எதுவோ அதுவரைக்கும் நான் போவேன்.

பாகூர் பகுத்தறிவன்:
ஐயா, தருமசாலைச் சோறு மேல எனக்கும் மரியாதை உண்டு. அந்தச் சோறு அரிசியாலயும் தொண்டர்கள் உழைப்பாலயும் வருது. ஒரு நம்பிக்கையால நல்லது நடந்துச்சுங்கறதுக்காக அந்த நம்பிக்கை உண்மையாகிடாது. 1906ல வந்த தென்னாற்காடு மாவட்ட கெஜட்டியர், அதாவது அரசாங்கத்தோட மாவட்ட விவர நூல், இதைப் பதிவு பண்ணியிருக்கு. அறைக்குள்ள பூட்டிக்கிட்டார், அப்புறம் யாரும் பார்க்கல, நம்பறவங்க கடவுளோட கலந்துட்டார்னு சொல்றாங்க. முதல் ரெண்டும் தகவல். மூணாவது சிலரோட நம்பிக்கைன்னு சொல்லித்தான் எழுதியிருக்காங்க. நீங்க மூணையும் தகவலாவே எடுத்துக்கறீங்க.

சோதனைக்கு நிக்குதான்னு மட்டும்தான் நான் கேட்பேன். இலங்கையில இருந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963ல, ஏமாத்து வேலைக்கு இடமில்லாத சூழ்நிலையில அற்புதம் செஞ்சு காட்டினா ஒரு லட்சம் ரூபாய்னு அறிவிச்சார். 1978ல அவர் சாகற வரைக்கும் யாரும் வாங்கல. அமெரிக்க மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி 1964ல ஆயிரம் டாலர்ல ஆரம்பிச்ச இதே மாதிரிப் பரிசு பத்து லட்சம் டாலர் வரைக்கும் போச்சு. 2015ல நிறுத்தினாங்க, அதுவரைக்கும் ஒருத்தரும் ஜெயிக்கல.

புதுவை வாசகர்:
பாகூர் தம்பிக்கு. எல்லாம் மேடை போட்டுச் சோதிக்கக் கூடியது அல்ல. சில காரியங்கள் ஒருமுறைதான் நடக்கும். அப்போது அங்கே இருந்தவர்கள் யார், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைத்தான் பார்க்க முடியும்.

1921 டிசம்பரில் புதுவை பிரான்சுவா மர்த்தேன் வீதியில் ஸ்ரீ அரவிந்தர் குடியிருந்த வீட்டில் கல் விழுந்த சம்பவம் தெரிந்திருக்கும். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட சமையல்காரர் ஒருவர் மிரட்டிவிட்டுப் போன பிறகு முற்றத்தில் கல் விழ ஆரம்பித்தது. போலீஸ் வந்து பார்த்தது. நாளாக நாளாகக் கல் பெரிதானது, சாத்தியிருந்த அறைக்குள்ளும் விழுந்தது. வேலைக்காரப் பையனைத்தான் குறிவைத்துத் தாக்கியது. அவனை வேறு வீட்டுக்கு அனுப்பியதும் நின்றுவிட்டது. ஸ்ரீ அரவிந்தரே இதை எழுதியிருக்கிறார், அன்னையும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் இருந்தவர்கள் படித்தவர்கள், எதையும் துருவிப் பார்க்கிறவர்கள். அவர்கள் சாட்சியத்தை நான் நம்புகிறேன். யாரோ எங்கேயோ பார்த்ததாகச் சொல்லும் மோகினியை நம்ப மாட்டேன்.

பாகூர் பகுத்தறிவன்:
நீங்க சொன்னதுலயே ஒரு வரி இருக்கு சார். பையனை அனுப்பினதும் நின்னுபோச்சு. கல் விழற வீடுன்னு உலகம் பூரா பேசப்பட்ட கேஸ்கள்ல நடுவுல ஒரு சின்னப் பையனோ பொண்ணோ இருக்கறது ரொம்ப சகஜம். கோவூர் எழுதி வச்ச கேஸ்கள்லயும் வீட்டுக்குள்ள இருந்த ஆளே காரணமா இருந்தது உண்டு. அந்தப் பையன்தான் எறிஞ்சான்னு நான் சொல்ல வரல, நூறு வருஷம் கழிச்சு யாராலும் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பு இருக்கும்போது சமையல்காரர் வச்ச ஏவல்னு ஏன் போகணும்னுதான் கேக்கறேன்.

படிச்சவங்க சாட்சின்னா, 1995 செப்டம்பர் 21 ஞாபகம் இருக்கா? பிள்ளையார் பால் குடிக்கிறார்னு நாடே வரிசையில நின்னுச்சு. அந்த வரிசையில டாக்டரும் வக்கீலும் இருந்தாங்க. விஞ்ஞானிகள் பால்ல சாயம் கலந்து ஊட்டினப்போ, பரப்பு இழுவிசையால கரண்டியை விட்டு வந்த பால் சிலை மேல மெல்லிசா வழிஞ்சு இறங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சுது. பார்த்தவங்க யாரும் பொய் சொல்லல. கரண்டியில பால் குறைஞ்சது நிஜம்தான், அது எங்க போச்சுங்கறதுலதான் தப்பு.

கயல், தேவனாம்பட்டினம்:
ரொம்ப நேரமா படிச்சிட்டு இருக்கேன். அரங்கன் ஐயா வள்ளலார் வரைக்கும் போறார், புளியமரத்துக்கு வர மாட்டேங்கறார். புதுவை ஐயா சமையல்காரர் வச்ச ஏவலை நம்பறார், மோகினியை நம்ப மாட்டேங்கறார். ரெண்டு பேரும் போடற கோடு ஒரே எடத்துலதான் விழுது. படிச்சவங்க, பெரிய இடத்துக்காரங்க நம்பினா ஆன்மிகம். எங்க குப்பத்து ஜனங்க நம்பினா மூடநம்பிக்கை.

சுனாமி வந்தப்போ நான் பத்தாவது படிச்சிட்டிருந்தேன். எங்க பெரியம்மா பையனை அலை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. தார்ஷீட் கொட்டகையில இருந்தோம். ராத்திரியானா பெரியம்மா எழுந்து சொம்புல தண்ணி மோந்துகிட்டு வாசலுக்குப் போவாங்க. புள்ள "அம்மா தண்ணி"ன்னு கூப்பிடறான்னு சொல்வாங்க. பக்கத்துக் கொட்டகையிலயும் கேட்டுச்சுன்னு சொன்னாங்க. சாயங்காலத்துக்கு மேல கரைப்பக்கம் யாரும் போகல. முகாமுக்கு வந்த ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னோம். அதெல்லாம் பிரமை, மூடநம்பிக்கைன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கடைசியில எங்க ஊர்ப் பூசாரிதான் பெரியம்மாவை உட்கார வச்சுப் பேசினார். பையனுக்குப் பிடிச்ச வஞ்சிரம் வறுத்து, அவன் சட்டையை மடிச்சு வச்சுப் படையல் போட்டு, கரையில கற்பூரம் ஏத்தி, "உம்புள்ளைக்கு இனிமே தாகம் எடுக்காது தாயி"ன்னு சொன்னார். அன்னிக்குத்தான் பெரியம்மா வாய்விட்டு அழுதாங்க. அதுக்கப்புறம் சொம்பை எடுக்கல.

ஜப்பான்ல 2011 சுனாமிக்கு அப்புறம் இஷினோமாகி ஊர் டாக்சி டிரைவருங்க, செத்துப்போனவங்க வண்டியில ஏறினதா சொன்னதை ஒரு கல்லூரிப் பொண்ணு ஆராய்ச்சியா எழுதி உலகம் பூரா பேசினாங்க. யாரும் அந்த டிரைவருங்களை முட்டாள்னு சொல்லல. எங்களுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்ல?

மஞ்சக்குப்பம் அரங்கன்:
கயல் அம்மா, உங்கள் பெரியம்மாவின் துக்கத்தை நான் ஒருநாளும் மூடநம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைச் சாதி, வசதி பார்த்துப் போட்ட கோடு என்று சொல்வது நியாயம் இல்லை. வள்ளலாரே சாதியையும் சமயச் சண்டையையும் தூக்கி எறிந்தவர். சிறுதெய்வக் கோயில்களில் ஆடு கோழி வெட்டுவதைப் பார்த்து நடுங்கியவர். அந்தக் கோட்டைப் போட்டது அவருடைய இரக்கம்.

கயல், தேவனாம்பட்டினம்:
வள்ளலாரை நான் குறை சொல்லல ஐயா. எங்க வீட்டுலயும் அவர் படம் மாட்டியிருக்கு. திருப்பாப்புலியூர்ல அப்பர் கல்லைக் கட்டிக் கடல்ல போட்டும் மிதந்து வந்தார்னு சொல்றோம், அவர் கரையேறின எடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம்னே பேர். அதைக் கேட்டு யாரும் ஆதாரம் கேக்கறதில்ல. அலையில போன புள்ள கூப்பிடறான்னு அம்மா சொன்னா மட்டும் கேக்கறீங்க.

பாகூர் பகுத்தறிவன்:
நான் ரெண்டுக்குமே ஆதாரம் கேக்கறேன் கயல். அந்த விஷயத்துல என்மேல நீங்க குறை சொல்ல முடியாது.

வில்லியனூர் நர்ஸ் அக்கா:
நைட் டியூட்டி முடிச்சு வந்து இப்பதான் பார்க்கறேன். மனநலப் பிரிவுல ரொம்ப வருஷமா வேலை பார்க்கறவ நான், அதனால ரெண்டு விஷயம் சொல்லணும்.

கயல், உன் பெரியம்மாவுக்கு வந்தது பைத்தியமும் இல்ல, மூடத்தனமும் இல்ல. வேல்ஸ் நாட்டுல டீவி ரீஸ்னு ஒரு டாக்டர், புருஷனையோ பொண்டாட்டியையோ இழந்த 293 பேர்கிட்ட பேசி 1971ல எழுதினார். கிட்டத்தட்ட பாதிப் பேர், செத்தவங்க கூடவே இருக்கற மாதிரி உணர்ந்திருக்காங்க. சிலர் குரல் கேட்டிருக்காங்க, சிலர் உருவமே பார்த்திருக்காங்க. பெரும்பாலானவங்களுக்கு அது ஆறுதலாத்தான் இருந்திருக்கு. அந்த முகாம்ல வந்தவர் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தா போதும். அமுக்குவான் பேயும் அப்படித்தான். கனவு காணற தூக்கத்துல கைகால் தளர்ந்து அசையாம கிடக்கும், அந்த நேரத்துல முழிப்பு மட்டும் வந்துட்டா நெஞ்சுமேல யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். அந்த அனுபவம் நிஜம். அனுபவிச்சவங்களைப் பொய்க்காரங்களா பார்க்கக் கூடாது.

ஆனா நான் தினம் பார்க்கற இன்னொண்ணும் இருக்கு. ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க, பதினேழு வயசு. மணிக்கட்டுல கறுப்புக் கயிறு, இடுப்புல எலுமிச்சம்பழத்தை முடிஞ்ச மஞ்சத் துணி. ரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையை மேல ஏத்தினா தோள்பட்டையில இருந்து வரிவரியா வேப்பங்குச்சி அடி. நாக்கோட ஓரத்துல பழைய கடி, அதுமேல புதுக் கடி. திடீர்னு கருகின வாசனை அடிக்குமாம், வயித்துல இருந்து பயம் மேல ஏறுமாம், பின்னாடி யாரோ நிக்கற மாதிரி இருக்குமாம், அப்புறம் நினைவு தப்பிடுமாம். டாக்டர் கேட்டதுமே வலிப்புன்னு புரிஞ்சுகிட்டார். மூளையோட பக்கவாட்டுப் பகுதியில தொடங்கற வலிப்பு இப்படி வரும். ஒன்றரை வருஷமா பேய் ஓட்டியிருக்காங்க. தாலிக்கொடி அடகுல இருக்கு. மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல அந்தப் பொண்ணு திரும்ப டைப்பிங் கிளாஸ் போச்சு.

படையல் போடுங்க, கற்பூரம் ஏத்துங்க, நான் ஒருவார்த்தை பேச மாட்டேன். அடி, சங்கிலி, பட்டினி, மாத்திரையை நிறுத்தறது, இதுல எது வந்தாலும் நான் சண்டைக்கு வருவேன்.

பாகூர் பகுத்தறிவன்:
அக்கா, படையல்ல ஆரம்பிச்சுதானே சங்கிலியில முடியுது? ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில மனநலம் பாதிச்சவங்களைத் தங்க வச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சப்போ 28 பேர் கருகிப் போனாங்க. சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியல. அவங்களைக் கூட்டிட்டு வந்து விட்டவங்க எல்லாம் கெட்டவங்களா? பாசத்தோட, நம்பிக்கையோட விட்டவங்கதான் நிறையப் பேர். இப்போ 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடறதைத் தடை பண்ணியிருக்கு. ஆனா பேய் ஓட்டறேன்னு காசு பறிக்கறவனைப் பிடிக்க மகாராஷ்டிராவுல தனிச் சட்டம் இருக்கு. மூடநம்பிக்கை ஒழிப்புக்காக இயக்கம் நடத்தின நரேந்திர தபோல்கர் அதுக்காகப் பதினெட்டு வருஷம் போராடி 2013ல சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் வந்துச்சு. கர்நாடகாவுல 2017ல போட்டாங்க. தமிழ்நாட்டுலயும் புதுவையிலயும் அப்படி ஒண்ணு வேணும்.

கயல், தேவனாம்பட்டினம்:
சட்டம் வந்தா முதல்ல யாரைப் பிடிப்பாங்க? எங்க ஊர்ப் பூசாரியைத்தான். டிவியில உட்கார்ந்து ராசிக்கல் விக்கறவரை யாரும் தொட மாட்டாங்க.

பாகூர் பகுத்தறிவன்:
அடிச்சவனையும் காசு பறிச்சவனையும் பிடிக்கட்டும். உங்க பூசாரி ரெண்டும் செய்யலன்னா அவருக்கு ஏன் பயம்?

புதுவை வாசகர்:
சட்டம் வரும்போது அந்த வேறுபாடு தாளில் இருக்கும். பிடிக்கப் போகிற காவலருக்கு அது தெரியுமா என்பதுதான் என் கவலை. இந்த ஒரு விஷயத்தில் கயல் பக்கம் நிற்கிறேன்.

கயல், தேவனாம்பட்டினம்:
நர்ஸ் அக்கா, ஒண்ணு கேக்கணும். எங்க தெருவுல ஒரு பையன், ஒன்பது வயசு. அப்பப்போ வெட்டி வெட்டி இழுக்குது. கையில சாவிக்கொத்து குடுத்தா நின்னுடுதுன்னு சொல்றாங்க, நானே பார்த்திருக்கேன். இந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டிட்டுப் போறாங்க. போகக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கும் அங்காளம்மா மேல பக்தி உண்டு.

வில்லியனூர் நர்ஸ் அக்கா:
சாவி குடுத்து நிக்கறது இல்லம்மா. வலிப்பு பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானாவே நின்னுடும். சாவியைத் தேடி எடுத்துக் கையில திணிக்கறதுக்கும் அவ்வளவு நேரம் ஆகும், அதனாலதான் சாவியால நின்ன மாதிரி தெரியுது. அடுத்த தடவை வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108 கூப்பிடுங்க. ஒருத்தர் போன்ல வீடியோ எடுத்து வைக்கட்டும், டாக்டருக்கு அதுதான் ரொம்ப உதவும். மலையனூருக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. மாத்திரை குடுத்தாங்கன்னா கோயிலுக்குப் போற அன்னிக்கும் வேளை தவறக் கூடாது, சாமி கும்பிட்டதால சரியாயிடுச்சுன்னு திடீர்னு நிறுத்தவும் கூடாது. மனசு சம்பந்தமா யாருக்காவது பேசணும்னா 14416ங்கற உதவி எண் இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

பாகூர் பகுத்தறிவன்:
அக்கா, பையனுக்கு மாத்திரையில நின்னா பேர் யாருக்குப் போகும்? மலையனூர் போனதால நின்னுச்சுன்னுதான் தெரு பூரா சொல்லும். அதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரங்க அவங்க புள்ளையைக் கோயிலுக்கு மட்டும் கூட்டிட்டுப் போவாங்க. இதுக்கு என்ன பதில்?

கயல், தேவனாம்பட்டினம்:
அந்த வீட்டுக்கு நான் போய்ச் சொல்றேன். பையனோட அம்மாவையும் கூட்டிட்டுப் போய் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்றேன். அவங்ககூட சேர்ந்து சாமி கும்பிடறவ நான், நான் சொன்னா உட்கார்ந்து கேப்பாங்க. நாளைக்குக் காலையில பையனைக் கூட்டிட்டு வரேன் அக்கா, எத்தனை மணிக்கு ஓ.பி. சீட்டு போடுவாங்க?