திறப்பு விழாவா, தொடக்க விழாவா?

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் பழைய வீடொன்றின் முகப்பை வாசகசாலை ஆக்குகிறோம். அழைப்பிதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், தலைப்பிலேயே சிக்கிக்கொண்டோம்.

இனாகுரேஷன் என்றால் கட்டடம், கண்காட்சி, அமெரிக்க அதிபர் பதவியேற்பு எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். (அதன் லத்தீன் மூலத்துக்குப் பறவை பறப்பதைப் பார்த்துச் சகுனம் அறிவது என்று பொருள். நம் வீடுகளில் பல்லி சொல்லுக்குக் காது கொடுப்பதுபோலத்தான்!) தமிழில் அப்படி ஒரே சொல்லால் முடியாது. இங்கே மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் நேரு நாட்டியது அடிக்கல். 1953இல் நடந்தது திறப்பு விழா.

கட்டடத்துக்குத் திறப்பு, பணிக்குத் தொடக்கம் என்பது என் கணக்கு. ஆனால் எங்களுக்குக் கட்டடம் பழசு, வேலைதான் புதுசு. “எப்பவும் திறந்து கிடக்கிற வீட்டுக்கு என்னப்பா திறப்பு விழா?” என்று ஆச்சி கேட்கிறார். சித்தப்பாவோ ‘கால்கோள் விழா’ என்கிறார். அது கட்டுமானம் ஆரம்பிக்கும்போது போடுவதில்லையா?

சரி, ‘துவக்க விழா’ என்று அச்சிட்டால் பிழையா? அப்புறம், சிறப்பு விருந்தினர் ‘திறந்து வைக்கிறார்’ என்பதா, ‘தொடங்கி வைக்கிறார்’ என்பதா? தமிழாசிரியர்கள், அச்சகம் வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.