கனடாவின் கோவிட் கால உதவியான சேர்ப் காசு எடுத்த சுயதொழில்காரர் எல்லாம் கள்ளர்களா?

ஓட்டி_ஸ்காபரோ:
நேற்று வீட்டு வாடகை பற்றிய இழையில் கணக்கன் போகிற போக்கில் ஒன்றை எறிந்துவிட்டுப் போனார்: "2020இல் சேர்ப் எடுத்த சுயதொழில்காரரில் பாதிப்பேர் பொய்க்கணக்குக் காட்டியவர்கள்." அதற்குப் பதினைந்து பேர் விருப்பமும் போட்டிருக்கிறீர்கள். நல்லது.

நான் ஊபர் ஓடுகிறவன். பகலில் படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்க்க வேண்டும், இரவில் மட்டும் ஓட்டம். கோவிட் வந்ததும் பியர்சன் விமான நிலையம் சுடுகாடு மாதிரி. ஏப்ரல் 6இல் விண்ணப்பம் திறந்தார்கள், பிறந்த மாதப்படி நாள் பிரித்தார்கள். எனக்கு ஓகஸ்ட், அதனால் புதன்கிழமை. 2019இல் அல்லது கடந்த 12 மாதத்தில் 5,000 டொலர் வருமானம் இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது, 11,400. ஆம் என்று அழுத்தினேன். நாலு கிழமைக்கு 2,000 டொலர் வந்தது.

அந்தப் பக்கத்தில், செலவு கழித்து மிஞ்சுவதைச் சொல்லும் "நிகர" என்ற சொல் இருந்ததா? இதற்கு மட்டும் பதில் சொல்லும்.

கணக்கன்:
தம்பி, வரிப் படிவத்தில் வருமானத்துக்கு இரண்டு வரிசை எண் இருக்கிறது. 13499 மொத்தம், 13500 நிகரம். வரி கட்டும்போது எந்த எண்ணைக் காட்டுவீர்? 13500. காசு எடுக்கும்போது மட்டும் 13499 இனித்ததோ?

ஓட்டி_ஸ்காபரோ:
சொல் இருந்ததா, இல்லையா?

கணக்கன்:
ஊபர் வெட்டிக்கொள்ளும் பங்கும் உம்முடைய மொத்தத்துக்குள்தான் வருகிறது. கையைத் தொடாத காசைக் காட்டி வருமானம் என்கிறீர். 11,400இல் பெற்றோல், காப்புறுதி, கார்க் கட்டுக்காசு போக எவ்வளவு நின்றது? அதைச் சொல்லும்.

ஓட்டி_ஸ்காபரோ:
4,300. ஒளிக்க எனக்கு என்ன இருக்கிறது? சொல் இருந்ததா?

ரோல்ஸ்_அக்கா:
நான் இதற்குள் வருவதில்லை என்றுதான் இருந்தேன். பேஸ்மென்ரில் ரோல்ஸ், பற்றீஸ் சுட்டு விற்கிறவள் நான். 2019இல் என் நிகரம் 4,870. ஏன் 4,870? கணக்குப் பார்த்தவர் "அக்கா, வீட்டுக் கரண்ட் பில்லிலும் ஒரு பங்கு செலவாகக் காட்டலாம்" என்று குறைத்துத் தந்தார். நானும் வாயெல்லாம் பல்லாக ஒரு பெட்டி ரோல்ஸ் கட்டிக் கொடுத்தேன். அந்தக் கரண்ட் பில்லைத் தொடாமல் விட்டிருந்தால் நான் தகுதியானவள். தொட்டதால் 130 டொலரால் கள்ளி.

கணக்கன்:
அக்கா, உங்களை நான் கள்ளி என்று சொல்லவில்லை.

ரோல்ஸ்_அக்கா:
பாதிப்பேர் என்றீர்கள். நான் எந்தப் பாதி?

கடைக்காரன்_மார்க்கம்:
இவருக்கு ஒரு பழக்கம் அக்கா. செலவை எழுது எழுது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுப்பதும் இவர் இனம்தான். நிகரம் குறைந்துவிட்டது, நீ கள்ளன் என்பதும் இவர் இனம்தான்.

கணக்கன்:
வாரும் கடைக்காரரே. சிறு வியாபாரிகளுக்குக் கோவிட் நேரம் அரசு கொடுத்த சேபா கடன் 60,000 எடுத்து அதில் 20,000ஐத் தள்ளுபடியாக வாங்கிக்கொண்டவர் நியாயம் பேச வந்திருக்கிறார். சின்னவன் எடுத்தால் களவு, பெரியவன் எடுத்தால் முதலீடு. அப்படித்தானே?

கடைக்காரன்_மார்க்கம்:
40,000ஐ 2024 ஜனவரி 18க்கு முன்னம் கட்டி முடித்த பிறகுதான் அந்த 20,000. இனாம் இல்லை. நாள் பிந்தியவர்கள் முழுதையும் கட்டுகிறார்கள், தெரியுமோ? மற்றது, சின்னவன் எடுத்தால் களவு என்று முதலில் சொன்னதே நீர்தான், நான் இல்லை.

லண்டன்_மருமகன்:
இங்கே பிரித்தானியாவில் இந்தச் சிக்கலே வரவில்லை. சுயதொழில்காரருக்குச் சராசரி மாத இலாபத்தில் 80 வீதம், மூன்று மாதத்துக்குக் கூடியது 7,500 பவுண். "இலாபம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வரிக்கணக்கு ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது, அதைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

ஓட்டி_ஸ்காபரோ:
பார்த்தீரா கணக்கன்? அங்கே சொல்லைச் சொன்னார்கள். இங்கே சொல்லவில்லை.

ரோல்ஸ்_அக்கா:
லண்டன் தம்பி, என் தங்கச்சி 2019 யூனில் அங்கே தையல் தொடங்கினவள். முதல் வரிக்கணக்கு போடவில்லை என்று ஒரு வருடம் ஒரு சதமும் கிடைக்கவில்லை. பழைய ஆட்களுக்குத்தான் உங்கள் ஒழுங்கு.

லண்டன்_மருமகன்:
நாலாவது கொடுப்பனவில் புது ஆட்களையும் சேர்த்தார்கள்.

ரோல்ஸ்_அக்கா:
அதுவரைக்கும் அவள் ஊசியையா தின்றாள்?

கணக்கன்:
லண்டனை விடுங்கள். 2020 கடைசியில் இங்கே 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, சேர்ப் தகுதி இல்லாவிட்டால் காசைத் திருப்பித் தர வேண்டி வரும் என்று வரித் துறையின் கடிதம் போனது. எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் பொங்கல் வாழ்த்துச் சொல்லவா போனது?

ஓட்டி_ஸ்காபரோ:
அதற்குப் பிறகு 2021 பெப்ரவரி 9இல் என்ன நடந்தது? மொத்த வருமானம் 5,000 இருந்தால், மற்றத் தகுதிகள் சரியென்றால், திருப்பித் தர வேண்டாம் என்று அரசே அறிவித்தது. விளக்கம் தெளிவாக இருக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். நீர் மட்டும்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கணக்கன்:
அது மன்னிப்பு, தகுதி இல்லை. குற்றம் செய்யாதவனை யாராவது மன்னிப்பார்களா? சேர்ப் முடிந்த பிறகு வந்த சி.ஆர்.பி. உதவிக்குச் சட்டத்திலேயே செலவு கழித்த வருமானம் என்று எழுதினார்கள். ஏன்? உம்மைப் போன்றவர்களைப் பார்த்துத்தான்.

ஓட்டி_ஸ்காபரோ:
பிறகு எழுதினார்கள் என்றால் முன்னம் எழுதவில்லை என்றுதானே அர்த்தம்? உம்முடைய வாயாலேயே வந்துவிட்டது. சொல் இருக்கவில்லை.

கணக்கன்:
சொல் இல்லாவிட்டால் புத்தியும் இல்லையோ? எந்தக் கடைக்காரனும் கல்லாவில் விழுந்த முழுக்காசையும் தன் வருமானம் என்பானா?

கடைக்காரன்_மார்க்கம்:
என்னை ஏன் இழுக்கிறீர்?

ரோல்ஸ்_அக்கா:
கடிதம் வந்த கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? டிசம்பர் 31க்குள் கட்டினால் அந்த வருட வரிக்கணக்கில் ஏறாது என்றார்கள். ஏழு தரம் எடுத்தது 14,000. தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினேன். பெப்ரவரியில் அறிவிப்பு வந்தது, பிறகு காசும் திரும்பி வந்தது. அடகுக்கடை வட்டியை யார் தருவது? கணக்கன் தருவாரா?

கணக்கன்:
அக்கா, அவசரப்பட்டது நீங்கள். என்னிடம் கேட்டிருந்தால் பொறுங்கள் என்றிருப்பேன்.

கடைக்காரன்_மார்க்கம்:
ஓமோம். 2018இல் சீட்டுக் கூட்டும்போதும் "பொறுங்கள், பொறுங்கள்" என்றுதான் சொன்னவர். நான் இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்கன்:
அந்தச் சீட்டு விஷயம் முடிந்த கதை. நாலு பேர் முன்னால் கணக்குக் காட்டினேன்.

கடைக்காரன்_மார்க்கம்:
காட்டியது மொத்தமா, நிகரமா?

கணக்கன்:
இது அசிங்கம். இழையின் தலைப்பு சேர்ப். சேர்ப் பற்றிப் பேசும்.

ஓட்டி_ஸ்காபரோ:
சரி, சேர்ப் பற்றியே பேசுவோம். சொல் இருந்ததா?

கணக்கன்:
13500.