நான்கு அறைகளும் சரி, பெருந்தமனிகள் இடம் மாறியிருக்கின்றன: இது எப்படி?

கேள்வி:
என் மனைவிக்கு 20ஆவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில், குழந்தையின் இதயத்தில் இரு பெருந்தமனிகளும் இடம் மாறியிருப்பதாகக் கூறி, கருவின் இதயத்திற்கான எக்கோ எடுக்க அனுப்பியிருக்கிறார்கள். நான்கு அறைகளும் இயல்பாக உள்ளன என்றும் அதே அறிக்கையில் எழுதியிருக்கிறதே, இரண்டும் எவ்வாறு உண்மையாக இருக்க முடியும்?

மறுமொழி 1:
இருக்க முடியும். நான்கு அறைகள் தெரியும் தோற்றத்தில் இந்தக் குறை பெரும்பாலும் தென்படாது. மகாதமனியும் நுரையீரல் தமனியும் இயல்பாக ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்லும். இக்குறையில் அவை இரட்டைக் குழல் துப்பாக்கியைப் போல இணையாக மேலேறும். ஸ்கேன் கருவியைக் குழந்தையின் தலைப்பக்கமாகச் சற்றே சாய்த்தால்தான் அது புலப்படும் என்பதால், உங்களுக்குப் பார்த்தவர் மிகவும் கவனமானவர் என்றே சொல்வேன்.

மறுமொழி 2:
எங்கள் மகனுக்கும் இதே குறைதான், சகோதரரே. கருப்பையில் நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் கிடைத்ததால் நன்றாகவே வளர்ந்தான். பிறந்தபின் இரு தமனிகளை இணைக்கும் சிறுகுழாய் மூடத் தொடங்கும்போதுதான் ஆபத்து என்று விளக்கினார்கள். ஆகவே பச்சிளங்குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை நடக்கும் இடத்திலேயே பிரசவத்தை வைத்துக்கொண்டோம். பிறந்தவுடன் அந்தக் குழாயைத் திறந்து வைக்கப் புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தை ஏற்றினார்கள். அப்போதும் உதடும் நகமும் நீலமாகவே இருந்ததால், பலூன் செலுத்தி மேலறைகளுக்கு இடையிலான துளையைப் பெரிதாக்கினார்கள். 9ஆம் நாள் தமனிகளை மாற்றிப் பொருத்தினார்கள்.

மறுமொழி 3:
அந்த அறுவை சிகிச்சையைப் பிரேசில் மருத்துவர் அடிப் ஜதேனே 1975இல் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார். எக்கோவின்போது, கீழறைகளுக்கு இடையே துளை உண்டா என்றும், மேலறைத் துளை குறுகலாக உள்ளதா என்றும் கட்டாயம் கேளுங்கள்.