மறுமொழி: ‘நியூட்ரல் அத்லெட்’ – ‘நடுநிலை வீரர்’ வேண்டாம், ‘கொடியில்லாப் போட்டியாளர்’ என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் குழுமம் தயாரிக்கும் விளையாட்டுச் சொற்பட்டியலில் ‘நியூட்ரல் அத்லெட்’, அதாவது தன் நாட்டுக் கொடியின் கீழ் ஆட முடியாமல் போட்டியிடுபவர், என்பதற்குத் தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. ‘நடுநிலை வீரர்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று இரண்டு மடல்கள் வந்திருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் நடுநிலை என்றால் ஒரு பக்கமும் சாயாத குணம். குறளில் அதற்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. நீதிபதியிடமும் ஆட்ட நடுவரிடமும் செய்தித்தாளிடமும் நாம் எதிர்பார்ப்பது அது. ஒருவர் தாமாக முயன்று காக்க வேண்டியது. களத்தில் ஓடுகிறவரோ மல்லுக்கட்டுகிறவரோ எப்படி நடுநிலையாளர் ஆவார்? அவர் ஜெயிக்க வந்தவர்.

2016 ரியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு அமைப்புகளில் அரசு தலையிடுகிறது என்று சொல்லி, 2015 அக்டோபரில் குவைத்தைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இடைநீக்கம் செய்திருந்தது. குவைத் வீரர்கள் ‘சுயேச்சை’ என்ற அடையாளத்தில்தான் போட்டியிட முடிந்தது. தொடக்க விழாவில் ஒலிம்பிக் கொடியை ஏந்திவரும்படி துப்பாக்கி சுடும் வீரர் ஃபெஹைத் அல் தீஹானியைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். தாம் ராணுவத்தைச் சேர்ந்தவர், குவைத் கொடியைத் தவிர வேறு கொடியை ஏந்த முடியாது என்பது அவர் சொன்ன காரணம். பிறகு டபுள் டிராப் பிரிவில் தங்கம் வென்றார். மேடையில் ஏறியது ஒலிம்பிக் கொடி, ஒலித்தது ஒலிம்பிக் கீதம். தன் நாட்டின் மேல் இவ்வளவு பிடிப்புள்ள மனிதரை ‘நடுநிலை வீரர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. தேர்தலைக் குறித்த காலத்தில் நடத்தவில்லை என்று 2023 ஆகஸ்டில் இந்திய மல்யுத்தச் சம்மேளனத்தை உலக மல்யுத்த அமைப்பு இடைநீக்கம் செய்தது. அடுத்த மாதம் பெல்கிரேடில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல், உலக மல்யுத்த அமைப்பின் கொடியின் கீழ் ஆடினார்கள். அங்கே அந்திம் பங்கால் 53 கிலோ பிரிவில் வெண்கலம் வென்று பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் இடம் பிடித்தார். அக்டோபர் தொடக்கத்தில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே பிரிவில் இன்னொரு வெண்கலம். அங்கே மூவர்ணக் கொடி ஏறியது, ஏனென்றால் அந்த அணியை அனுப்பியது இந்திய ஒலிம்பிக் சங்கம். சில நாள் இடைவெளியில் அந்திம் நடுநிலையாளராக இருந்து இந்தியராக மாறிவிட்டாரா என்ன? அவரிடம் எதுவும் மாறவில்லை. நிர்வாகிகள் தேர்தல் நடத்தாததற்கு அவர் கொடியைப் பறிகொடுத்தார். இதில் எனக்குக் கோபமே உண்டு. சங்கத் தலைவர்கள் செய்யும் தவறுக்கு ஆடுகிறவரின் மார்பிலிருந்து நாட்டின் பெயரை எடுப்பது நியாயமான தண்டனை அல்ல. ‘நடுநிலை’ என்று எழுதினால் இந்த அநியாயம் மறைந்து, ஏதோ அவரே எடுத்த நிலைப்பாடு போலத் தோன்றிவிடும்.

நண்பர் ஒருவரின் மடலில் இருக்கும் வாதம் வலுவானது, அதைத் தாண்டிப் போகக் கூடாது:

> பாரிஸில் ரஷ்யா, பெலாரஸ் வீரர்களை அப்படியே சேர்க்கவில்லை. போரை ஆதரித்தவர்களையும் ராணுவத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தவர்களையும் விலக்கிவிட்டுத்தான் சேர்த்தார்கள். எனவே அங்கே நடுநிலை என்பது உண்மையான நிபந்தனை.

உண்மைதான். 2024 பாரிஸில் அப்படி 32 பேர் ஆடினார்கள். தொடக்க விழா அணிவகுப்பில் அவர்கள் இல்லை, பதக்கப் பட்டியலிலும் அவர்கள் கணக்கு இல்லை. பெலாரஸின் இவான் லித்வினோவிச் டிராம்போலினில் தங்கம் வென்றபோது ஒலித்தது சொற்கள் இல்லாத ஓர் இசை. ஆனால் போரை ஆதரிக்காதவர் என்பதும் நடுநிலையாளர் என்பதும் ஒன்றல்ல. போரை மனதார வெறுப்பவரும் அந்தச் சோதனையில் தேறுவார், வாயே திறக்காமல் இருந்தவரும் தேறுவார். உள்ளே என்ன நினைக்கிறார் என்பதற்கு நம் சொல் சான்றிதழ் தரக் கூடாது.

ஒன்றைப் பிரித்துக்கொண்டால் சிக்கல் தீரும். பாரிஸில் வந்தது கமிட்டி வைத்த பெயர். அதைப் பெயராகவே கருதி, ‘தனிநபர் நடுநிலைப் போட்டியாளர்கள்’ என்று அப்படியே பெயர்த்து அந்த இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது 1992 பார்சிலோனா ஒலிம்பிக் முதல் 2023 பெல்கிரேட் வரை இப்படி ஆடிய எல்லோரையும் குறிக்கும் பொதுச்சொல். (டோக்கியோ ஒலிம்பிக்கில் ‘ஆர்ஓசி’, அதாவது ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி, என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு வந்த ரஷ்ய அணியை இதற்குள் கொண்டுவர வேண்டாம். முந்நூறு பேருக்கு மேல் இருந்த முழு அணி அது.)

இனி மாற்றுச் சொற்கள். திருச்சி அம்மா முன்வைத்த ‘சுயேச்சை வீரர்’ எனக்கு மிகவும் பிடித்தது. தேர்தலில் சுயேச்சை என்றால் விளக்கமே வேண்டாம். இலங்கையிலும் சுயேச்சைக் குழு என்றுதான் சொல்கிறார்கள். ரியோவின் பெயருக்கும் பொருந்தும். ஆனால் கட்சி வேண்டாம் என்றோ, சீட்டு கிடைக்காமலோ, தன் விருப்பத்தில் நிற்பவர் சுயேச்சை. தன் இச்சை என்பதுதான் அதன் உயிர். அல் தீஹானிக்கும் அந்திமுக்கும் இல்லாதது அதுவே. அம்மா மன்னிக்க வேண்டும்.

‘கொடியிழந்த வீரர்’ என்பது மனதைத் தொடுகிறது. ஆனால் 2000 சிட்னிக்கு வந்த கிழக்குத் தைமூர் வீரர்கள் நால்வர் எதையும் இழக்கவில்லை. 1999 வாக்கெடுப்பில் விடுதலையைத் தேர்ந்தெடுத்த மக்கள் அவர்கள். நாடு முறையாகப் பிறந்தது 2002இல். அவர்களுடைய கொடிக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். அதோடு, ரஷ்யாவின் கொடியை விலக்கியது சரி என்று நினைப்பவர்களும் நம் குழுமத்திலேயே இருக்கிறார்கள். இழப்பு என்று சொன்னால் கலைச்சொல்லே தீர்ப்பு எழுதிவிடும்.

‘கொடி ஏந்தா வீரர்’ ஆகாது, அணிவகுப்பில் கொடி ஏந்துபவர் ஓரிருவர்தான், மற்ற எல்லோரும் ஏந்தாதவர்களே. ‘நாடுசுட்டா வீரர்’ இலக்கணமாக அழகு. வானொலியில் வாசித்தால் சுடுவதாகக் காதில் விழும்.

என் பரிந்துரை ‘கொடியில்லாப் போட்டியாளர்’. செய்தித் தலைப்புக்கு ‘கொடியில்லா வீரர்’, ‘கொடியில்லா வீராங்கனை’. ஏன் இல்லை, யார் எடுத்தார், எடுத்தது சரியா என்பதையெல்லாம் கட்டுரை சொல்லட்டும். சொல் நடந்ததை மட்டும் சொல்கிறது. ஒலிம்பிக் கொடி இருந்ததே என்று கேட்கலாம். விளையாட்டில் நாம் வெறுமனே கொடி என்றால் அது நாட்டுக்கொடிதான். ‘கொடி ஏறியது’ என்றால் யாரும் வேறு எதையும் நினைப்பதில்லை. எழுத்தில் ‘கொடியிலா’ என்று சுருக்க வேண்டாம், ‘கொடியிலா, மரத்திலா?’ என்ற கேள்வி போல ஆகிவிடும்.

அகதிகள் அணிக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் வேண்டுகோள். 2016இல் பத்துப் பேரோடு தொடங்கிய அந்த அணியின் முதல் பதக்கத்தைப் பாரிஸில் சிண்டி எங்காம்பா குத்துச்சண்டையில் வென்றார். அவர்களை ‘அகதிகள் ஒலிம்பிக் அணி’ என்றே எழுதுவோம். அவர்களுக்கு என்ன இல்லை என்று சொல்லித் தொடங்க வேண்டியதில்லை.

அப்புறம், பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சொற்களையும் இதோடு முடித்துவிடலாம். ‘நியூட்ரல் அம்பயர்’ என்பதற்கு ‘நடுநிலை நடுவர்’ வேண்டாம், எல்லா நடுவரும் நடுநிலையாளரே. 1986இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டுக்கு இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் நடுவர்களாகப் போனார்களே, அதன் சிறப்பே அவர்கள் இரு நாட்டையும் சேராதவர்கள் என்பதுதான். ‘மூன்றாம் நாட்டு நடுவர்’ என்றால் பளிச்சென்று புரியும். இன்னொன்று ‘நியூட்ரல் வென்யூ’: 2025 சாம்பியன்ஸ் டிராபி கிரிக்கெட்டில் இந்தியாவின் ஆட்டங்கள் துபாயில் நடந்தனவே, அதுபோன்ற இடத்துக்கு ‘பொது இடம்’ போதும். ஆங்கிலத்தில் ஒரே அடைமொழி என்பதால் தமிழிலும் மூன்றுக்கும் ஒரே அடைமொழி வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

‘பொது இடம்’ என்பதில் மட்டும் எனக்குச் சிறு தயக்கம்; பேருந்து நிலையத்தையும் பூங்காவையும் அப்படித்தான் சொல்கிறோம். ‘பொதுக்களம்’ சரியாக இருக்குமா? கிரிக்கெட் பக்கம் எழுதும் நண்பர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்